கரி பிடித்த வால்வும் நானும்

டீசல் எஞ்சின் திருத்துகிறவன் கல்யாண வீட்டில் கைகொடுக்க முன் இரண்டு தரம் யோசிப்பான். நகத்துக்குள் போன கரி எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. யுத்த காலத்தில் திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் கராஜ் வைத்திருந்த எனக்கு அந்தக் கரியில் பெரும்பங்கைத் தந்தது இ.ஜி.ஆர். வால்வு என்ற சின்னச் சாமான். எஞ்சின் கக்கும் புகையில் கொஞ்சத்தைத் திரும்பவும் அதற்குள்ளேயே அனுப்புகிற கதவு அது. கரி இறுகித் திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சினுக்குக் காற்றுக்குப் பதில் புகைதான் சாப்பாடு, இழுவை போய்விடும். பழைய ஜீப்பும் கலப்பட டீசலுமாய் அல்லாடியவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சோதனைச்சாவடியில்

கப்பல்துறைக் கிராமத்துச் செல்வராசா ஒரு நிவாரண நிறுவனத்தின் சாரதி. அவருடைய ஜீப் சாவடியை நெருங்கியபோது பின்னால் கன்னங்கரேலென்று புகை எழும்பியிருக்கிறது. குண்டென்று நினைத்த ஆமிக்காரர் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்ட, இவர் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, "எஞ்சின் வருத்தம், எஞ்சின் வருத்தம்" என்று கத்தியிருக்கிறார். போனெற்றைத் திறந்து எஞ்சினைக் காட்டிய பிறகுதான் எல்லோருக்கும் உயிர் வந்தது.

நேரே என்னிடம்தான் வந்தார். வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக் கழுவிப் பூட்டிக் கொடுத்தேன். சாவடியில் இளம் ஆமிக்காரன் ஒருவன் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி அனுப்பியதை அவரே சொன்னார்: "ஐயா, நாளைக்குப் புகை வேணாம், ஜீப் மட்டும் வா."

ஆற்றங்கரையில்

கிளிவெட்டியில் ஒரு உழவு இயந்திரத்தைத் திருத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போது பாலம் இல்லை. வாகனங்களை மிதவையில் ஏற்றித்தான் ஆற்றைக் கடத்துவார்கள். மிதவை கரையில் முட்டியதும் முன்னால் நின்ற ஜீப் மேட்டில் ஏற மாட்டேனென்று உறுமிவிட்டு நின்றது. உள்ளே பிரசவ வலியோடு இந்திராணி என்ற பெண். பக்கத்தில் மருத்துவிச்சி பிலோமினா அக்கா. "பிள்ளை குறுக்கே கிடக்குது, தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஏலாது" என்றார்.

சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, அதே கரி பிடித்த வால்வுதான். சுத்தம் செய்ய நேரமில்லை. ஒரு வெறும் பால்மாத் தகர ரின்னைத் தட்டித் தகடாக்கி, கத்தரித்து, வால்வுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் செருகிப் புகை வரும் வழியை அடைத்தேன். சூடான இரும்பில் விரல் பொரிந்தது. அப்போது அதை நான் உணரவில்லை. சாவியைத் திருப்பியதும் ஜீப் ஒரே இழுவையில் மேடேறிப் போனது.

அன்று பின்னேரம் ஒப்பரேசனில் பெண்பிள்ளை பிறந்து, இரண்டு உயிரும் தப்பின. ஆனால் நான் கடைசி ஆணியை இறுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து இந்திராணி பல்லைக் கடித்தபடி கேட்டதுதான் இன்றும் காதில் நிற்கிறது: "அண்ணை, நீங்கள் முதல் முடிக்கிறியளோ, நான் முதல் முடிக்கிறதோ?"

முகாமில்

சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்து அலைந்து, கிளிவெட்டி அகதி முகாமுக்கு வந்து சேர்ந்திருந்த நேரம். சிவபாதம் என்ற, வயல் செய்த கமக்காரர் தன் பழைய ஜீப்பைப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். வீட்டிலிருந்து குடும்பத்தையும் அயலவரையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்ட ஜீப் அது. வழியெல்லாம் இரண்டாம் கியருக்கு மேல் போகவில்லையாம். ஆனாலும் ஒருவரையும் இறக்கிவிடவில்லை.

வால்வைத் திறந்தால் உள்ளே உழுந்துவடை அளவுக்குக் கரிக்கட்டி. நெம்பியெடுத்து எறியக் கையை ஓங்கினேன். மனிதர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "பொறுங்கோ பாஸ், ஊரில இருந்து கொண்டுவந்ததில மிச்சம் இதுதான்."

அந்த ஆண்டுகளில் எங்கள் எல்லோருக்கும்தான் மூச்சு முட்டியது, போனெற்றைத் திறந்து காட்டுகிற வசதி மட்டும் ஜீப்புக்கு இருந்தது.