மல்லாட்டைக் கூடையில் இருந்த நாவல்

போன வருஷம் ஆடி மாதம், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது. எனக்கு வேலை விழுப்புரத்தில், வீடு திண்டிவனத்தில். போக வர பஸ்ஸில் கதை படிப்பதுதான் என் ஒரே சொகுசு. அதிலும் பழைய நாவல் என்றால் உயிர். பண்ணை வீட்டு வேலைக்காரப் பெண் மேல் நகைத் திருட்டுப் பழி விழுந்து, எஜமானியம்மாள் ஊர் கூடியிருக்க அவளை ஏசுகிற நாவல் ஒன்றை, மூன்றாவது தடவையாக நூலகத்தில் எடுத்திருந்தேன். அந்த இடம் வந்தால், கண்டக்டர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் மூக்கை உறிஞ்சுவேன்.

ஒரு நாள் சாயங்காலம், பஸ் கிளம்பிவிட்டதே என்று ஓடிய ஓட்டத்தில் புத்தகத்தை சிமென்ட் பெஞ்சிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் காலை தேடினேன், இல்லை. சாயங்காலம் பார்த்தால், திண்டிவனம் பஸ் நிற்கும் இடத்தில் அவித்த மல்லாட்டை விற்கும் அம்மாவின் கூடையில் இருக்கிறது. எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அதுவும் எங்கே? பொட்டலம் மடிக்கக் கிழித்து வைக்கும் பழைய நோட்டுகளின் மேல்.

எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ. "லைப்ரரி புத்தகத்தக் கிழிச்சா பொட்டலம் போடுவ? யார் வீட்டுப் பொருள்னு எடுத்துக்கினு வந்த?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொட்டலம் கேட்டு நின்ற ஒருவர் வாங்காமலே நகர்ந்துவிட்டார்.

"கிழிக்கலீங்க மேடம். நீங்க வந்தா குடுக்கலாம்னுதான் வச்சிக்கினு இருந்தேன்" என்றார் அந்த அம்மா. நான் காதில் வாங்கினால்தானே? பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் பிரித்தேன். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. நடுவில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட், என்னுடையது இல்லை. பக்கத்தில் மல்லாட்டைத் தோல் ஒட்டியிருந்தது. அவர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். நிறுத்தியிருந்த இடம், எஜமானியம்மாள் ஏசுகிற அதே அத்தியாயம். வெட்கத்தில் எனக்கு உடம்பே கூசிப்போனது.

மறுநாள் காலை, கூட்டம் சேரும் முன்பே போய், குனிந்து மெதுவாக மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடுங்க மேடம். அந்தப் பொண்ணு கடைசில நல்லா இருக்காளா, இல்லையா? அதச் சொல்லுங்க" என்றார். சொல்ல மனம் வரவில்லை, புத்தகத்தையே கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை திருப்பித் தந்தார். எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன்.

"நல்ல கதைதான். நகை கெடச்சிடுது, அந்தம்மா மன்னிப்பு கேக்குது, பொண்ணுக்குக் கல்யாணமும் ஆவுது. ஆனா திட்டினது ஊரு முன்னாடி. மன்னிப்பு மட்டும் ரூமுக்குள்ள, கதவ சாத்திக்கினு. அப்போ ஊருக்கு அவ இன்னும் திருடிதான?"

மல்லாட்டையைக் கிளறிக்கொண்டே சொன்னார். என்னைக் குத்திச் சொல்லவில்லை, கதையைத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம், தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் அதே கூட்டம். கூடை முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "அக்கா, அன்னிக்கு நான் உங்களத் திட்டினது தப்பு. நீங்க என் புத்தகத்தப் பத்திரமா வச்சிருந்தீங்க" என்றேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "போதும், வுடும்மா. பஸ்ஸு போய்டப் போவுது" என்று ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

இப்போதும் எங்களுக்குள் புத்தகம் போய் வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும், அந்த நாவலுக்கு மூன்று தடவை அழுத எனக்கு, அந்தக் கதவு சாத்தியிருந்தது ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.