இரண்டு படகு வந்த பந்தயம்

பெண்களுக்கு இன்று படகுப் பந்தயம் இல்லை என்று அதை நடத்தும் அதிகாரி சிங்களத்தில் சொன்னபோது, எங்கள் படகு பாதி தண்ணீரிலும் பாதி கரையிலும் கிடந்தது. மூன்று படகாவது வேண்டுமாம். வந்திருந்தவை இரண்டு. அக்கா படகின் பின்முனையை விடாமல் பிடித்திருந்தாள்.

அவள் என் பெரியம்மாவின் மகள். யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் விடிந்ததும் ரப்பர் பால் வெட்டுவாள். மத்தியானத்துக்குப் பிறகு, கடைவீதிப் பையன்களின் படகுக் கழகம் கழித்துப்போட்டிருந்த இருவர் படகில் என்னையும் ஏற்றிக்கொண்டு களனி கங்கையில் துடுப்புப் போடுவாள். லயத்து வீடுகளில் எங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கடைசியில் பெரியப்பா, "இந்த ஒரு தடவ பந்தயத்துக்குப் போய்ட்டு வாங்க. ஒண்ணும் ஆவலேன்னா, கார்மென்டு ஃபாக்டரி வேலைக்குப் போயிடணும்" என்று சொல்லிவிட்டார்.

படகு பையன்களின் லொறியில் போனது. துடுப்புகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நாங்கள் பஸ்ஸில் போனோம். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்புக்கு முன்னாலிருந்த சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். எங்கள் அடையாள அட்டைகளில் தமிழ்ப் பெயர்களைப் பார்த்த சிப்பாய், நீளமான அந்தச் சாக்கைத் துப்பாக்கி முனையால் தொட்டான். அக்கா நிதானமாகக் கட்டை அவிழ்த்து, "ஹபல், மாத்தயா" என்று, துடுப்புதான் ஐயா என்பதைச் சிங்களத்தில் சொன்னாள். அவன் துடுப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பொம்பளைகளுக்கும் பந்தயம் உண்டா என்று கேட்டான். உண்டு என்றாள் அக்கா.

இப்போது இல்லை என்கிறார்கள். மற்றப் படகுக்காரப் பெண்கள் இருவரும் தங்கள் படகை லொறியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா விறுவிறுவென்று அங்கே போனாள். "இறக்குங்க, நம்ம நாலு பேரும் ஓட்டுவோம்" என்று சிங்களத்தில் சொன்னாள். அவர்களில் உயரமானவள் கயிற்று முடிச்சை அவிழ்த்தாள்.

விசில் ஊத ஆளில்லை. உயரமானவள்தான் குரல் கொடுத்தாள். பாதித் தூரம் வரை அவர்கள் முன்னால். காற்றில் எங்கள் படகு ஒருபக்கமாகச் சாய, கவிழ்ந்தோம் என்றே நினைத்தேன். "கரையப் பாக்காத, போடு" என்ற அக்காவின் குரல் முதுகில் விழுந்தது. போட்டேன். தோள் எரிந்தது. அவர்களுடைய படகின் மூக்கு என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்தது, பிறகு யார் முன்னால் என்று தெரியவில்லை.

முடிவுக் கோட்டில் பார்க்க யாருமில்லாததால் இரு படகிலும் நாங்கள்தான் முதல் என்றோம். அக்காவும் அந்த உயரமானவளும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சண்டை போட்டார்கள். கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த அதிகாரியும் வந்தார். சிரிக்காமல், அடுத்த வருடம் வந்து தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும், ஜெயித்தாயா என்று பெரியப்பா கேட்டதற்கு அக்கா சொன்னாள்: "இன்னும் முடியலப்பா. அடுத்த வருசந்தான் தெரியும்."

அவர் அதன் பிறகு கார்மென்டுப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் பெண்கள் பந்தயத்துக்கு ஐந்து படகுகள் வந்தன. உயரமானவள் முதலாவது, நாங்கள் மூன்றாவது. கோட்டைத் தாண்டியதும் அக்கா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்த இரண்டு படகுகளையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.