பாய்லர் தொங்கிய நேரம்

என் அத்தையின் கணவருக்கு ரயில் பணிமனையில் வைத்த பெயர் ‘மெதுவா’. முப்பத்தோரு வருடம் நீராவிக் கிரேன் ஓட்டியவர். யார் என்ன அவசரமாக வந்து சொன்னாலும் முதலில் அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரும். கல்யாணத்துக்கே மெதுவாகத்தான் தலையாட்டினார் என்று அத்தை இன்றும் குத்திக்காட்டுவாள்.

மாமா அவசரப்பட்டது ஒரே ஒரு தடவை. தடம் புரண்ட பெட்டியைத் தூக்கும்போது, கீழே நின்று சைகை காட்டியவர் அத்தையின் தம்பி, என் சித்தப்பா. இடது கையால் சங்கிலியைச் சரிசெய்தபடி, நிறுத்தச் சொல்லி வலது கையை உயர்த்தினார். இன்னும் ஒரு சாண்தானே என்று மாமா தூக்கிவிட்டார். சித்தப்பாவின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

அதற்குப்பின் பதினோரு வருடம் இருவருக்கும் பேச்சில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, “உன் தம்பிகிட்ட சொல்லு”, “உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுக்கா” என்பார்கள். அத்தைதான் இருவருக்கும் தபால்காரி.

மாமா ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழைய கிரேனைக் கண்காட்சி மைதானத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு பழைய எஞ்சினின் பாய்லரைத் தூக்கி மேடையில் வைக்க வேண்டும். அதை ஓட்டத் தெரிந்தவர் மாமா மட்டும்தான்.

“கீழ கை காட்ட என் மச்சினன் வந்தா ஓட்டுறேன். வேற ஆளு கை எனக்குப் பழக்கமில்ல,” என்றார் மாமா.

அத்தை தம்பியிடம் போனாள்.

“அக்கா, என் கையப் பாத்தும் நிக்காதவரு அவரு. திரும்ப எப்படி நம்பிக் கீழ நிக்கிறது?”

“அத அவரு மூஞ்சிக்கு நேரா வந்து கேளுடா. நடுவுல ஓடி ஓடி என் காலு தேஞ்சு போச்சு.”

சித்தப்பா வந்தார். கேட்கத்தான் இல்லை.

கிரேனின் நீண்ட கையை முன்னால் கோத்த தட்டை வண்டியின்மேல் படுக்கவைத்தார்கள். கிரேன் சுழலாமல் பூட்டும் இரும்பு முளையை மாமா உருவினார். பூட்டியபடி இழுத்தால், வளைவில் அந்தக் கை திரும்ப முடியாமல் முன்வண்டியையே தடத்திலிருந்து தள்ளிவிடும். உருவிய முளையைச் சித்தப்பாவிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். மைதானம் வரைக்கும் ஆறு கிலோமீட்டரும் டீசல் எஞ்சின் நடை வேகத்தில் இழுக்க, ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள்.

மைதானத்தில் கிரேன் சாயாமலிருக்க அதன் அடியில் மரக்கட்டை அடுக்கி, நீராவி ஏற்றினார்கள். கிரேன் வேலையில் ஒரு விதி உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாவற்றுக்கும் ஒருவர் கையை மட்டுமே பார்க்க வேண்டும். ஆனால் ‘நிறுத்து’ என்று யார் கை எழுந்தாலும் நிறுத்தியாக வேண்டும்.

பாய்லர் எழுந்தது, திரும்பியது, மேடைக்கு நேர் மேலே வந்து நின்றது. சித்தப்பா இறக்கச் சொல்லிக் கை காட்டினார். மாமா அசையவில்லை. மறுபடி காட்டினார். அப்போதும் இல்லை. பன்னிரண்டு டன் இரும்பு தலைக்கு மேலே தொங்க, கூட்டத்தில் நின்ற நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். மாமா சித்தப்பாவுக்குப் பின்னால் விரலை நீட்டினார்.

திரும்பிப் பார்த்த சித்தப்பா கத்தினார்: “மாமா! அது அக்கா! வெயிலுக்குக் கண்ணுக்கு மேல கைய வச்சிருக்கா!”

“யாரு கையா இருந்தா என்ன மாப்ள? அது எறங்கட்டும், நானும் எறக்குறேன்.”

“அடப்பாவி மனுஷா!” என்றாள் அத்தை. “வீட்டுல தொண்ட கிழியக் கத்தினாலும் நிக்க மாட்டீங்க. இங்க கண்ணு கூசுதுன்னு கைய வச்சா நிக்கிறீங்களா?”

கூட்டமே சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை.

“அன்னைக்கு ஏன் நிறுத்தல?”

மாமா ஏதோ முணுமுணுத்தார். நீராவி இரைச்சலில் கேட்கவில்லை.

“சத்தமா சொல்லுங்க.”

“ஒரு சாண்தானேன்னு நெனச்சேன்! நீ கை காட்டினதப் பாத்தேன், பாத்தும் தூக்கினேன். தப்பு என்மேலதான் மாப்ள!”

அத்தை கையைக் கீழே இறக்கினாள். சித்தப்பா உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அசைத்தார். பாய்லர் மேடையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

அவர் மேலே ஏறி, சங்கிலிக்கும் பாய்லருக்கும் நடுவே இடது கையை நுழைத்துக் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தார். கிரேன் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.