என் நோட்டில் இல்லாத இடம்

2009-ல் பழைய கார் ஒன்று வாங்கிய கையோடு, கடலூரிலிருந்து காஷ்மீர் வரை காரிலேயே போவதென்று நானும் என் மனைவி செல்வியும் முடிவெடுத்தோம். உண்மையில் முடிவெடுத்தவன் நான்தான். இரண்டு மாதம் மெனக்கெட்டு, வழியிலுள்ள பெட்ரோல் பங்க், மெக்கானிக், பஞ்சர் கடை, நல்ல பிரியாணி என்று ஒரு நோட்டு நிறைய எழுதினேன்.

ஒத்திகையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரமும் பிச்சாவரமும் போனோம். நல்ல வெயில். தண்ணீர் பாட்டிலை நீட்டும்போதெல்லாம் செல்வி வேண்டாம் என்றாள். திரும்பும்போது புதுச்சத்திரம் அருகே, "மாமா, தலைய சுத்துது" என்று என் தோளைப் பிடித்தாள். காரை ஓரங்கட்டினேன்.

"காலையிலேர்ந்து ஏன் தண்ணியே குடிக்கல?"

"குடிச்சா நான் எங்க போறது மாமா? உங்க நோட்டுல பஞ்சர் கடைகூட இருக்கு. அதுக்கு ஒரு எடம் இருக்கா?"

நான் அன்று இரண்டு முறை வண்டியை நிறுத்தி மரத்தோரம் ஒதுங்கியிருந்தேன்.

சாலைக்கு எதிரே ஒரு வீட்டு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா, செல்வியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "உள்ள வாம்மா, பின்னால பாத்ரூம் இருக்கு. கூச்சப்படாத."

பிறகு ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்து, "இப்ப பயப்படாம குடி" என்றார். செல்வி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். ஆறு வருடம் கூடவே இருந்த எனக்குத் தெரியாதது, அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டையும் பேனாவையும் செல்வியிடம் கொடுத்தேன். புதிய பக்கத்தைத் திருப்பி அவள் எழுதிய முதல் வரி: "புதுச்சத்திரம், அந்த அக்கா வீடு."