ஏழாயிரம்பண்ணையில் ஏறிய புயல் கூண்டு

2003 அக்டோபர், இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்குத் தூத்துக்குடியில் கோவில்பட்டி பேருந்தில் ஏறினேன். தூரம் அறுபது கிலோமீட்டர். கட்டணம் பதினெட்டு ரூபாய். ஆண்டுதோறும் இந்த மாதத்தில் எனக்கு ஒரு பயணம் உண்டு. நான் எழுத்தராக இருக்கும் விசைப்படகு உரிமையாளர் சங்கத்துக்கு அடுத்த ஆண்டின் தினக்காட்டி திருத்தங்கலில் அச்சாகிறது. மாதிரித் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வர வேண்டும். வழக்கமாகச் சாத்தூர் வழியே போவேன். இம்முறை ஏழாயிரம்பண்ணையில் இறங்குவதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. குரல் மட்டும் தெரியும்.

அதை விளக்க வேண்டும். மீன்பிடித் துறைமுக வாசலில் உள்ள கரும்பலகையில் கடல் வானிலையை எழுதுவதும் என் வேலைதான். புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண், காற்றின் திசை, வேகம், அலையின் உயரம், எந்தப் பக்கம் போகக் கூடாது என்ற குறிப்பு. இவ்வளவும் விடிவதற்குள் பலகையில் இருக்க வேண்டும். சென்ற ஜூன் முதல் காலையில் அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண் குரல் கேட்கத் தொடங்கியது.

"அண்ணாச்சி, கூண்டு ஏறிருக்கா?"

"இல்லம்மா."

"சரிங்க." அதோடு வைத்துவிடுவார்.

யாரோ படகுக்காரர் வீட்டுப் பெண் என்று நினைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து, எந்தப் படகு என்று கேட்டேன்.

"படகா? நான் ஏழாயிரம்பண்ணையில இருந்து பேசுறேன் அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனி போர்மேன். பேச்சியம்மா. எதுக்குக் கேக்குறேன்னு ஒருக்கா வந்து பாருங்க, காட்டுறேன்."

நான் கிளம்பியதற்கு முந்தைய மாலைதான் எங்கள் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏறியிருந்தது.

கோவில்பட்டியில் இட்லி இரண்டு, காபி ஒன்று, எட்டு ரூபாய். அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைக்கு நகரப் பேருந்து. கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேலிக்கருவை. நடுநடுவே ஒன்றை ஒன்று நெருங்காமல் தள்ளித் தள்ளிக் கட்டிய வெள்ளை அறைகள். பக்கத்தில் இருந்தவர் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுநர். அன்று அவருக்கு ஓட்டம் இல்லை.

"தூத்துக்குடியா? கூண்டு ஏத்திட்டாகளாமே."

"ஆமா. ஒண்ணாம் நம்பர்."

"அது போதும். பாருங்க, இம்புட்டு வெயில் அடிக்கி. அம்புட்டும் வீணு."

ஏன் வீண் என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்பதரை மணிக்கு ஆலை வாசலை அடைந்தேன். காவலாளி என் கைப்பேசியை வாங்கி ஓர் ஓலைப் பெட்டியில் வைத்தார். செருப்பை விடச் சொன்னார். பிறகு என் சட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பாலியஸ்டரு. இத மாட்டிக்கிட்டு உள்ள போகக் கூடாது சார். ஒரசுனாப் பொறி வரும்."

தன் பருத்திச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது என் முழங்காலைத் தொட்டது. முதல்முறையாக ஒருவரைச் சந்திக்க இப்படிப் போவதில் எனக்குக் கூச்சம்தான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். கெண்டைக்காலில் வெள்ளிநிறத் தூள் அப்பியிருந்தது.

"அண்ணாச்சிதானா? குரலுக்கு ஏத்த ஆளா இல்லையே. பெரிய மீசை இருக்கும்னு நெனச்சேன்."

எங்கள் துறைமுகத்தில் கூண்டு ஏறிய நாளில் படகுகள் கட்டிக்கிடக்கும். ஆட்கள் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதே காட்சியைக் கடலிலிருந்து இத்தனை தொலைவில், பளீரென்ற வெயிலில் பார்த்தேன். எதிரே எட்டு சிமெண்டு மேடைகள் வெறுமையாகக் காய்ந்தன.

"மணி மருந்துன்னு சொல்லுவோம்" என்றார் பேச்சியம்மாள். வானத்தில் போய்ப் பூவாக விரியும் பட்டாசுக்குள் வைக்கும் உருண்டைகள் அவை. பசை சேர்த்து ஈரமாக உருட்டி, மேடையில் பரப்பி, வெயிலில் காயவைக்க வேண்டும். "காயாத மருந்த அடைக்க முடியாது. காயும்போது மழை விழுந்தா அதவிட மோசம். அலுமினியத் தூள்ல மழைத் தண்ணி பட்டா உள்ளுக்குள்ளயே சூடேறும். பாக்க ஒண்ணும் தெரியாது. ராத்திரி தானாத் தீப் புடிக்கும். அப்படி ஒரு கம்பெனி போயிருக்கு. அதுல இருந்து இந்தப் பக்கம் ஒரே சட்டந்தான். கூண்டு ஏறினா சரக்கு வெளிய வராது."

"எத்தனாவது கூண்டா இருந்தாலுமா?"

"கூண்டுன்னா கூண்டுதான?"

தீபாவளிக்கான கடைசி லாரி சனிக்கிழமை புறப்படுகிறது. அதற்குள் அறையில் இருக்கும் ஈர உருண்டைகள் காய்ந்து, அடைத்து, பெட்டியில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆர்டர் போகும். அதோடு பேச்சியம்மாளின் வேலையும் போகும். பெண்ணைப் போர்மேன் ஆக்கியதே முதலாளிக்கு இந்த ஒரு சீசனுக்கான சோதனை என்று, மற்றவர்கள் காதில் விழாதபடி என்னிடம் சொன்னார்.

விடியற்காலையில் பலகையில் எழுதிய அறிக்கையின் நகல் வாசலில் கழற்றிய சட்டைப் பையில் இருந்தது. மனப்பாடமாகச் சொன்னேன். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வங்கக்கடலின் நடுவே இருக்கிறது. ஆந்திரக் கரையை நோக்கி வடமேற்காக நகர்கிறது. மன்னார் வளைகுடாவில் காற்று மேற்கிலிருந்து வீசும்.

"ஒண்ணாம் நம்பர்னா, கடல்ல எங்கேயோ தூரத்துல ஒண்ணு உருவாகியிருக்குன்னு கப்பலுக்குச் சொல்றது. மழை இங்க வரும்னு அர்த்தம் இல்லம்மா. அது வடக்கே போகப் போக ஈரத்தையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போகும். நமக்குக் காஞ்ச மேல்காத்துதான் மிச்சம்."

பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன நாளா இதச் சொல்லலையே."

"நீங்க கூண்டு ஏறிருக்கான்னு மட்டுந்தானே கேட்டீக."

மரத்தடியிலிருந்து வயதான பெண் ஒருவர் குரல் கொடுத்தார். "ஏ பேச்சி, யோசிச்சுச் செய்யி. கடல்ல மழை பேஞ்சா மீனு நனைஞ்சிருமா? கடக்கரை ஆளு சொல்லுவாக, போயிருவாக."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "எனக்குத் தெரிஞ்சது கடல் காத்து மட்டும். அங்கன மலைப் பக்கம் எழும்புற மேகத்தைப் பத்தி அறிக்கையில ஒரு வார்த்தை கிடையாது" என்று நானும் சொன்னேன்.

பேச்சியம்மாள் ஆலை வேலியோரம் கம்பத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது கிழக்கே நீண்டு படபடத்தது. பிறகு சாலைக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். நானும் கூடவே போனேன்.

"மொதலாளி, கூண்டு ஏறிருக்கு. ஆனா மேல்காத்து. மூணு மேடை மட்டும் போடுறேன். மழை வந்தா மூணத்தானே அள்ளணும்." மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "ஆமா, எம் பொறுப்புதான்" என்று சொல்லி வைத்தார்.

பத்தரை மணிக்கு மூன்று மேடைகளில் உருண்டைகளைப் பரப்பினார்கள். மேடைக்கு இருவர், கையில் மூடுதுணியுடன் சற்றுத் தள்ளி நின்றார்கள். மேகம் வந்தால் நடுவில் நிற்கும் பேச்சியம்மாள் வலது கையைத் தூக்குவார். அந்தக் கை இறங்கினால் மூட வேண்டும். நான் வாசல் பக்க வேம்பைத் தாண்டக் கூடாது என்பது கட்டளை.

பன்னிரண்டு மணி வரை நல்ல வெயில். அதன்பின் மேற்கே மலைப் பக்கத்திலிருந்து ஒரு கருமேகம் கிளம்பியது. அதன் நிழல் சாலையைக் கடந்தது, வேலியைக் கடந்தது, முதல் மேடை மீது ஏறியது. பேச்சியம்மாள் கையைத் தூக்கினார். என் கையில் ஒரு துளி விழுந்தாற்போல இருந்தது. பார்த்தேன், என் வியர்வைதான். பேச்சியம்மாளின் கை தோள்வரை தாழ்ந்தது. சிவப்புத் துணி சட்டென்று விறைத்தது. கை மறுபடி உயர்ந்தது. மேகத்தைக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு போக, முதல் மேடையில் முதலில் வெயில் வந்தது, பிறகு இரண்டாவதில், பிறகு மூன்றாவதில்.

மூன்று மணிக்கு அள்ளினார்கள். ஓர் உருண்டையை எடுத்துக் காதருகே வைத்து நகத்தால் மெல்லச் சுண்டிப் பார்த்தார் பேச்சியம்மாள். "காஞ்சிருச்சு. நாளைக்கு எட்டு மேடையும்."

வாதாடிய அந்த மூத்த பெண் என்னைப் பார்த்து, "மீனும் நனையல, எங்க மருந்தும் நனையல" என்றார்.

புறப்படும்போது பேச்சியம்மாள் வாசல்வரை வந்தார். அவர் கணவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறதாம். "தீபாவளி வரைக்கும் மழை வேண்டாம்னு கும்பிடுவேன். முடிஞ்ச மறுநாளே வேணும்னு கும்பிடுவேன். எங்க சாமிக்கே கொழப்பந்தான் அண்ணாச்சி."

என் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு மாலைப் பேருந்தில் சிவகாசி வழியே திருத்தங்கல் போனேன். விடுதி அறை அறுபது ரூபாய். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் தினக்காட்டியின் மாதிரியைப் பார்த்தேன். அலையே இல்லாத நீலக் கடலில் ஒரு படகு. படம் நன்றாக இருந்தது. ஆனால் காலை முழுவதும் அச்சகச் சன்னலுக்கு வெளியேதான் என் கண் போய்க்கொண்டிருந்தது. வெயில் குறையவில்லை. மேற்குக் காற்றில் தெருவின் காகிதத் துண்டுகள் கிழக்கே ஓடின.

திங்கட்கிழமை தொலைபேசி வந்தது. "லோடு சனிக்கிழமையே போயிருச்சு அண்ணாச்சி. மொதலாளி அடுத்த சீசனுக்கும் இருக்கச் சொல்லிட்டாரு." அதன்பின் அழைப்பு வரவில்லை. ஆலையில் விடுமுறை, கூண்டைப் பற்றிக் கேட்க வேலை இல்லை. இருந்தாலும் காலையில் அந்த மணி அடிக்காதது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது.

தீபாவளி முடிந்த வாரம் காற்று திரும்பியது. பலகையில் எழுதினேன்: கீழ்க்காற்று, கடல் கொந்தளிப்பு, தென்கடலோரம் பரவலான மழை. படித்த படகுக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். நான் சாக்பீஸ் தூளைத் துடைத்துவிட்டு, ஏழாயிரம்பண்ணை எஸ்.டி.டி. பூத்துக்கு முதல்முறையாக நானே தொலைபேசி செய்தேன்.

"யாரு பேசுறது?"

பேச்சியம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அந்த ஆள் முடிக்க விடவில்லை.

"கூண்டு அண்ணாச்சியா? இருங்க, அவுக வீட்டுக்காரரு இங்கனதான் நிக்காரு. ரெண்டு நாளா வெதையைக் கட்டி வச்சுக்கிட்டு, நீங்க கூப்பிடுவீகளான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."