மண்ணில் காரம் குறைந்தது

எண்பதுகளின் நடுவில் நான் ஏற்காட்டில் குடியிருந்து, சேலத்திலிருந்து வெளிவரும் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மதிய பஸ் டிரைவரிடம் உறையைக் கொடுத்துவிட்டால் மாலைக்குள் அது அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் கோடையில் மலை முழுக்க ஆரஞ்சு மரங்கள் மஞ்சளித்துக்கொண்டிருந்தன. இலை நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், நடுவில் வெளிறிப்போகும். பிறகு நுனிக்கிளை காயும்.

தோட்டக்கலை அதிகாரியைப் பார்த்தேன். மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது, மண் ஆசிட் ஆகிவிட்டது, மழைக்கு முன்னால் சுண்ணாம்பு போட வேண்டும் என்றார். எழுத உட்கார்ந்தபோது 'ஆசிட்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆசிட் என்றால் மக்களுக்குப் பேட்டரிக் கடை நினைவுக்கு வரும். யாரோ ஊற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். அமிலத்துக்கு எதிர்ப்பதம் காரம் என்று பள்ளியில் படித்தது நினைவிருந்தது. அமிலம் கூடினால் காரம் குறைந்ததாகத்தானே அர்த்தம்? தலைப்புக்கும் எழுத்து குறையும். 'மண்ணில் காரம் குறைந்தது: ஆரஞ்சு மரங்கள் வாட்டம்' என்று எழுதி அனுப்பினேன்.

செய்தி வந்தது. இடம் போதாமல் கடைசிப் பத்தியை வெட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு அந்தப் பத்தியில்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து, குடிநீர்க் குழாய் பற்றிய ஒரு புகாருக்காகத் தலைச்சோலை கிராமத்துக்குப் போனேன். பாதை ஓரத்துத் தோட்டம் ஒன்றில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களின் அடியில் மிளகுக்கொடிகள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. எண்ணினேன், பதினொன்று. மரத்தின் மேல்பாதியில் கொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இலைகள் கறுத்துத் தொங்கின. நோயா என்று குனிந்து பார்த்தேன். அரிவாள் வெட்டு, சுத்தமான வெட்டு.

தோட்டக்காரி மேலே வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. மூன்று ஏக்கரை அவரே பார்த்துக்கொண்டார். என்னைச் சந்தையில் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, பேப்பர்காரருங்களா? நீங்க எழுதுனதப் படிச்சுப்போட்டுத்தானுங்க வெட்டுனேன்."

"நானா? நான் எப்பக்கா மிளக வெட்டச் சொன்னேன்?"

"மண்ணுல காரம் கொறஞ்சு போச்சுன்னு போட்டிருந்தீங்கல்ல. எங்க போச்சுன்னு போடலீங்க. எங்க காட்டுல காரமா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அதுதான் உறிஞ்சிருக்கோணும்."

சிரிக்கத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. மிளகுக்கொடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும். மீதி இருபது கொடிகளையும் மழைக்கு முன் வெட்டிவிட முடிவு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் அரிவாளோடு வருவதாக ஏற்பாடு. ஆரஞ்சும் போய், மிளகும் போனால் அந்தத் தோட்டத்தில் மிஞ்சுவது நிழல்மரங்கள்தான்.

நான் எழுதிய காரம் வேறு, நாக்கில் உறைக்கும் காரம் வேறு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டும் வேறன்னா ரெண்டுக்கும் எதுக்குங்க ஒரே பேரு வெச்சிருக்காங்க?"

பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன்.

"வாங்க, காட்டறேன்" என்று அழைத்துப்போனார். வீட்டை ஒட்டிய மேல்காட்டில் எட்டு ஆரஞ்சு மரங்கள் நின்றன. எல்லாம் பச்சை. அங்கே மிளகு இல்லை. கீழ்க்காட்டில் மிளகு இருந்தது, அங்கே எல்லா மரமும் மஞ்சள். "படிக்காதவ சொல்றேன்னு நெனைக்காதீங்க. கண்ணால பாருங்க." பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. என் விளக்கத்தைவிட அவருடைய சாட்சியம் வலுவாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வெட்டாதீங்கக்கா. சரியாக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"இந்தத் தடவ முழுசாக் கேட்டுட்டு வாங்க" என்றார்.

அதிகாரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஏங்க, நான் காரம்னா சொன்னேன்?"

"ஆசிட் அதிகம்னு சொன்னீங்க. அப்ப காரம் குறைவுதானே சார்?"

"பரீட்சையில எழுதுனா மார்க் போடுவாங்க. தோட்டத்துல எவன் அப்படிப் பேசுவான்?" தலைச்சோலையில் பார்த்ததைச் சொன்னேன். அந்த மேல்காட்டு மரங்களுக்கு என்ன போடுகிறார்கள் என்று கேட்டார். மர அடியில் சாம்பல் கிடந்தது நினைவுக்கு வந்தது, சொன்னேன். அடுப்புச் சாம்பலை வீட்டுப் பக்கத்து மரங்களில் கொட்டுவார்கள், இலையிலும் தூவுவார்கள்.

"அதாங்க விஷயம். சாம்பல் காரம். அந்தக் காலத்துல துணி வெளுக்க அதைத்தான் போட்டாங்க. சோப்பைச் சவுக்காரம்னு சொல்றமே, அதுல இருக்கற காரம் அதுதான்."

எனக்குத் தெளிந்துவிட்டது என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆனா இலையில தூவுனா பூச்சியும் வராது. மஞ்சளிப்பு நோயைப் பரப்பற பூச்சி ஒண்ணு இருக்கு. மேல்காடு பச்சையா இருக்கறது மண்ணாலயா, பூச்சி வராததாலயான்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது. ரெண்டுமாவும் இருக்கலாம்." பிறகு தனக்கே சொல்வதுபோல, "வேர் பலமா இருந்தா பூச்சி வந்தாலும் தாங்கும். மண்ணு கெட்டா வேர் கெடும். எது முதல்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டேன்.

என் பக்கத்து வீட்டில் ஒரு பள்ளி வேதியியல் ஆசிரியர் இருந்தார். காரம் இரண்டும் ஒன்றா வேறா என்று ஒரே வரியில் சொல்லுங்கள், திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"வேற" என்றார். நான் எழுந்தேன்.

"ஒரு நிமிஷம். மிளகு நாக்குல சுள்ளுங்குதே, அதுக்குக் காரணமான பொருள் ஆல்கலாய்டுங்கற வகையைச் சேர்ந்தது. ஆல்கலின்னா காரம். ஆல்கலாய்டுன்னா காரம் மாதிரின்னு அர்த்தம்."

மறுபடியும் உட்கார்ந்தேன். "அப்ப அந்தம்மா சொன்னது சரியா?"

"தப்பு. மிளகோட காரத்தை மிளகே தயார் பண்ணுது, மண்ணுல இருந்து எடுக்கறதில்ல. ஆனா நீங்க நெனைக்கிற அளவுக்குத் தப்பும் இல்ல. எந்தச் செடியும் மண்ணுல இருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்கும். எடுக்க எடுக்க மண்ணு புளிப்பேறும், அதாவது ஆசிட் கூடும். மிளகும் எடுக்கும், காப்பியும் எடுக்கும், ஆரஞ்சும்தான் எடுக்கும்."

"அப்ப கொடிய வெட்டலாமா, கூடாதா?"

"அது வேதியியல் இல்லையே. அதைத் தாவரம் படிச்சவரைக் கேளுங்க. இந்த மலையில பாக்சைட் வேற இருக்கு. மண்ணு புளிச்சா அதுல இருக்கற அலுமினியம் கரைஞ்சு வேரைத் தாக்கும். அதுக்குக் கல்லு படிச்சவரைக் கேக்கணும். நாக்குல ஏன் சுள்ளுங்குதுன்னா அது டாக்டர் வேலை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதை நான் தனித்தனிப் பாடமாத்தான் நடத்தறேன்" என்றார். அவருக்கும் அது கொஞ்சம் சங்கடமாக இருந்த மாதிரி தெரிந்தது.

அன்று திருத்தம் எழுத உட்கார்ந்தேன். திருத்தம் என்றால் மூன்று வரி. தவறு இது, சரி இது, வருந்துகிறோம். தவறு எது என்று எழுதிவிட முடிந்தது. சரி எது என்ற இடத்தில் தாவரம், கல், மழை, பூச்சி எல்லாம் வந்து நின்றன. ஒன்றை விட்டால் இன்னொன்று பொய்யாயிற்று. நாலு தாள் கிழித்தேன். கடைசியில் 'காரம்' என்பதற்குப் பதில் 'சுண்ணாம்புச் சத்து' என்று படிக்கவும் என்று மட்டும் அனுப்பினேன். அதுவும் முழு உண்மையில்லை என்று தெரிந்தே அனுப்பினேன்.

ஞாயிறு காலை அதிகாரியின் ஜீப்பில் தலைச்சோலை போனேன். கொழுந்தனார் வந்திருந்தார். அரிவாள் சுவரில் சாத்தியிருந்தது. நான் கேட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். நடுவில் எனக்கே குழம்பி, மறுபடி ஆரம்பித்தேன். கொழுந்தனார், "ஒரு கொடிய வெட்டறதுக்கு இத்தன பேரக் கேக்கோணுமாக்கும்" என்றார்.

தோட்டக்காரி அவரைப் பேசாமலிருக்கச் சொன்னார். "அதெல்லாம் இருக்கட்டுமுங்க. வெட்டட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லுங்க."

"வேண்டாம்" என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"அப்ப ஆரஞ்சு பொழைக்குமா?"

அதிகாரி முன்னால் வந்தார். கீழ்க்காட்டை நாலாகப் பிரிக்கலாம், ஒரு பங்குக்குச் சுண்ணாம்பு, ஒரு பங்குக்குச் சாம்பல், ஒரு பங்குக்குப் பூச்சி மருந்து, ஒரு பங்கை அப்படியே விட்டுவிடலாம், எது பிழைக்கிறதோ அதிலிருந்து காரணம் தெரிந்துவிடும் என்றார். நல்ல யோசனையாக எனக்குப் பட்டது. என் குழப்பத்துக்கும் அது ஒரு முடிவு கட்டும்.

"அப்படியே உடற பங்கு செத்துப்போச்சுன்னா?"

"அது... ஒப்பிட்டுப் பாக்கறதுக்குங்க."

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "நொம்ப நல்லாருக்குதுங்க. உங்க ஊட்டு மரம்னா உடுவீங்களா?"

அந்த வாரமே தோட்டக்காரி எல்லா மரத்துக்கும் சுண்ணாம்பு போட்டார். எல்லா மரத்துக்கும் சாம்பல் போட்டார், அக்கம்பக்கத்து அடுப்புகளிலிருந்தும் வாங்கி வந்து. மருந்தும் அடிக்கச் சொன்னார். இருபது மிளகுக்கொடிகளும் நின்றன.

மழை முடிந்து அதிகாரியும் நானும் மறுபடி போனோம். கீழ்க்காட்டில் பாதிக்குமேல் துளிர்த்திருந்தது. புது இலை, அடர் பச்சை. நடுநடுவே சில மரங்கள் செத்திருந்தன. ஒரே வரிசையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒன்று துளிர்த்தும் ஒன்று காய்ந்தும் நின்றன. இரண்டுக்கும் அதே மண், அதே சுண்ணாம்பு, அதே மருந்து.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டீங்க. இப்ப எதனால பொழைச்சுதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார் அதிகாரி. குறையாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

"எனக்கு மரம் வேணுமுங்க. காரணம் உங்களுக்கு வேணும்னா இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார் அவர். செத்த மரத்தின் தூரைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார், அது அசையவில்லை. "அதுக்கு முன்னால ரெண்டு பேரும் இந்தக் கயித்தப் புடிச்சு இழுங்க. அந்தப் பக்கம் மிளகுக்கொடி இருக்குது, அதுமேல உழுந்தராமப் பாத்து."

அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டார். நான் நோட்டைப் பையில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.