வெட்டாத பானட்

என் கணவர் வெர்லின், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ரகம். கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுக்காரியின் வாசலில் பனி அள்ளிப் போடுவார், சர்ச்சில் நாற்காலி அடுக்குவார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கார் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த வாயில் கத்தி முளைத்துவிடும்.

அது எங்கள் மகன் டாரன் மேலேயே பாய்ந்தது. கோடைக்காலத்து வியாழக்கிழமைகளில் ஐஸ்கிரீம் கடை வாசலில் எல்லோரும் பழைய கார்களைக் கொண்டுவந்து பானட்டைத் திறந்துவைத்து நிறுத்துவார்கள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் இன்ஜினைக் குறை சொல்வதுதான் பொழுதுபோக்கு. டாரன் தன் பழைய நோவா காரில் உயரமான இன்ஜினை இறக்கி, அது முட்டிய இடத்தில் பானட்டை வெட்டித் துளை போட்டிருந்தான். வெர்லின் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கசாப்புக் கடைக்காரன்கூட எலும்பு பாத்துத்தான்டா வெட்டுவான்" என்றார்.

கூட்டம் மொத்தமும் சிரித்தது. டாரன் பானட்டை மூடிவிட்டுத் தான் குடியிருக்கும் லேன்சிங்குக்குத் திரும்பிப் போனான். அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. குடும்பம் கூடிச் சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை ஒன்று போயிற்று, அடுத்ததும் போயிற்று. வான்கோழியை நாங்கள் இருவரே வாரம் முழுக்கத் தின்றோம்.

"அவனுக்கு ஒரு போன் பண்ணுய்யா" என்று நான் கேட்காத நாளில்லை.

"பண்றேன் டோரீன். பெரிய இன்ஜினை வெட்டாமலே வைக்க முடியும்னு செஞ்சு காட்டிட்டுப் பண்றேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டிய மனிதர் நிரூபிக்கக் கிளம்பினார். விபத்தில் நொறுங்கிய சரக்கு லாரி ஒன்றிலிருந்து ஏழு லிட்டருக்கு மேற்பட்ட புது ரக இன்ஜினை வாங்கி வந்தார். அதை அறுபத்தெட்டாம் வருஷத்துத் தன் ஃபேர்லேன் காருக்குள் இறக்கப் போகிறாராம். என் காரைக் கராஜிலிருந்து வெளியே தள்ளினார். இரண்டு குளிர்காலம் நான் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிவிட்டு வேலைக்குப் போனேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஐஸ் தானாகவே உருகியிருக்க வேண்டும்.

லாரி இன்ஜின் லாரிக்காகச் செய்தது. அதற்கு மேலே இடம் வேண்டும், பக்கவாட்டிலும் இடம் வேண்டும். ஃபேர்லேனில் இரண்டுமே இல்லை. முன்சக்கர ஸ்பிரிங் உட்காரும் இரும்புக் கூடுகளை இரண்டு பக்கமும் அறுத்து எறிந்தார். எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடித்தது, அதையும் வெட்டி வேறு மாதிரி ஒட்டினார். மேலே காற்று போகும் உறுப்பைக் கழற்றிவிட்டுக் குட்டையானதைத் தேடிப் பிடித்து மாட்டினார். கடைசியில் பானட்டின் அடியில் இருந்த தாங்கு சட்டத்தையும் செதுக்கிவிட்டார்.

"இவ்வளவு வெட்டுனியே, மேல ஒரு துளை போட்டா என்ன?" என்றேன்.

"உள்ள என்ன வேணா வெட்டலாம். வெளிய தெரியுற தகட்டுல கை வைக்கக் கூடாது. இதுகூடவா தெரியாது உனக்கு?"

இந்த ஊர் ஆண்களின் நீதி இது. இதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படிப் பொறுமையாக இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வாங்கி வந்தார். இன்ஜின் உச்சியில் உருட்டி வைத்துப் பானட்டை மூடித் திறந்தார். நசுங்கியது போக விரல் கனத்துக்குக் களிமண் மிச்சம் இருந்தது. இடிக்கவில்லை! அதைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தார்.

"பாத்தியா? நாளைக்கு ஓட்டிக் காட்டுறேன். சாயங்காலம் அவனுக்குப் போன்."

மறுநாள் இன்ஜின் கிளம்பியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடியே ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார். டமார் என்று ஒரு சத்தம். பானட்டின் நடுவில் முட்டை அளவுக்கு ஒரு மேடு எழும்பி நின்றது.

இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேகம் கொடுத்தால் ஒரு பக்கமாகத் தூக்கும். இவர் தூங்குகிற இன்ஜினை அளந்திருக்கிறார். தாங்கு சட்டமும் இல்லாததால் தகடு அப்படியே புடைத்துவிட்டது.

இறங்கி வந்து அந்த மேட்டைத் தடவினார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"டாரன், உன் ரம்பத்தை எடுத்துக்கிட்டு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை நாள் கழித்துப் பேசுகிற பேச்சா இது?

ஆனாலும் சனிக்கிழமை காலையில் டாரன் வந்தான். என்னை அணைத்துக்கொண்டான், மின்ரம்பத்தோடு நேராகக் கராஜுக்குப் போனான். பானட்டைத் திறந்து இன்ஜின் அடியில் கைவிட்டுத் துழாவினான்.

"வெட்ட வேணாம்பா. ரப்பரை எடுத்துட்டுக் கெட்டித் தாங்கி போட்டா இன்ஜின் அசையாது. மேட்டைத் தட்டிச் சரி பண்ணிடலாம்."

"வெட்டு."

"கேளுப்பா. நல்ல தகடு, வீணாக்காத."

"என் காரு. வெட்டுன்னா வெட்டுடா."

"இதுக்குத்தான் நான் வர்றதில்ல! நான் என்ன சொன்னாலும் உனக்குத் தப்புதான்!"

அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது. இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க! வெர்ல், வெட்ட வேணாம்னு அவனே சொல்றான். அப்புறமும் என்னய்யா பிடிவாதம் உனக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "அவன் வெட்டி, நான் அதை ஊர் முன்னால ஓட்டிட்டுப் போனா, அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும்ல."

டாரன் அந்த மேட்டின் மேல் கையை வைத்தான். "வாயால சொன்னா போதாதாப்பா?" என்றான், குரல் தேய்ந்து.

"வரலடா. எத்தனையோ தடவ முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். வரல."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். டாரன் மூக்கை உறிஞ்சிவிட்டு ரம்பத்தின் பிளக்கைச் சொருகினான். தீப்பொறி பறந்ததும் வெர்லின் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தகடு அதிராமலிருக்க அழுத்திப் பிடித்திருந்த கைகளை மட்டும் எடுக்கவில்லை.